பெங்களூர் முறை

போன வருஷம் ஒரு வழியாக வீடு வாங்கினோம். பாஸ்டனுக்கு வடக்கே, மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். கடன், வட்டி, வக்கீல் எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடப் போகிற நேரத்தில் ஏஜென்ட் அம்மா கேட்டார், "டைட்டில் ஃபைவ் சர்ட்டிஃபிகேட் வந்துவிட்டதா?"

எனக்கு அது என்னவென்றே தெரியாது. பிறகுதான் புரிந்தது, இந்த வீடு எந்தச் சாக்கடைக் குழாயோடும் சேரவில்லை. பின்பக்கப் புல்வெளிக்கு அடியில் ஒரு செப்டிக் டேங்க். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இப்படிப்பட்ட வீட்டை விற்கும்போது டேங்கைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். 1995-லிருந்து இந்தக் கெடுபிடி. ஒருவர் வந்தார், மூடியைத் தோண்டி எடுத்தார், நீளக் கம்பை உள்ளே விட்டுக் கசடு எத்தனை அங்குலம் என்று அளந்தார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் ஐந்தில் ஒரு வீட்டுக்கு மேல் இப்படித்தான் இருக்கிறதாம்.

அந்தச் சமயம் பெங்களூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். ஓய்வுபெற்ற டாக்டர். ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இவ்வளவு தூரம் வந்து, கடைசியில உங்க வீட்டுலயும் செப்டிக் டேங்க்தானா மாப்ளே?"

அப்புறம் கேட்டார், "பெங்களூர் மெத்தட்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க காலத்துல பரீட்சையில கட்டாயம் வரும்."

ஒன்பது வருஷம் பெங்களூரில் குப்பை கொட்டியவன் நான். பெங்களூர் மெத்தட் என்றால் ஏதோ சாஃப்ட்வேர் சமாச்சாரம் என்று நினைத்தேன். கிட்டத்தட்ட நிஜமாகவே குப்பை கொட்டுகிற முறைதான் அது என்று தெரிந்ததும், விட மனசில்லாமல் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கொஞ்சம் மன்னிக்கவும்.

கதை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது என்பது முதல் ஆச்சரியம். அரை மணி நேரக் கார் தூரத்தில் லாரன்ஸ் என்று ஒரு பழைய நூற்பாலை ஊர். மெரிமாக் நதிக்கரையில் இருக்கிறது. மேலே இருக்கிற ஊர்கள் கழிவைக் கொட்டும் ஆற்றிலிருந்தே கீழே இருக்கிற ஊர்கள் குடிக்கவும் செய்தன. டைஃபாய்டு வந்தது. மாநிலச் சுகாதார வாரியம் 1887-ல் அங்கே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கி, கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்வது என்று வருஷக்கணக்கில் பரிசோதனை செய்தது.

1912-ல் அங்கே ஓர் ஆங்கிலேயர் வந்து பார்த்தார். பெயர் கில்பர்ட் ஃபௌலர். மான்செஸ்டர் நகராட்சிக்குக் கழிவுநீர் விஷயத்தில் ஆலோசகராக இருந்த வேதியியல்காரர். லாரன்ஸில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டவர் ஊர் திரும்பி, ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேரிடம் இதையே செய்து பாருங்கள் என்றார். முதல் தடவை காற்றடித்துக் கழிவுநீர் தெளிய வாரக்கணக்கில் ஆயிற்று. பிறகு அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். அடியில் படிந்த கசடைக் கொட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உறைமோர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து இன்றைய பாலில் விடுகிறோமே, அதேதான். கசடில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் வேலையாட்கள், அவர்களை வெளியே அனுப்பாதே என்பதுதான் சூட்சுமம். 1914-ல் மான்செஸ்டரில் இதை வாசித்தார்கள். 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' என்று பெயர். இன்றைக்கு உலகத்தின் பெரிய நகரங்களில் பாதிக்கு மேல் இந்த முறையின் ஏதோ ஒரு வடிவத்தில்தான் ஓடுகின்றன என்று சொன்னால் மிகையாக இருக்காது.

இரண்டாவது ஆச்சரியம், அந்த ஃபௌலர் அடுத்து எங்கே போனார் என்பது. 1916-ல் பெங்களூருக்கு! இன்றும் ஆட்டோக்காரர்கள் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1921-ல் அங்கே உயிர்வேதியியல் துறையைத் தொடங்கியவர் அவர்தான். கழிவைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுவதோடு வேலை முடிவதில்லை என்பது அவருடைய கட்சி. மண்ணிலிருந்து பயிர் வழியாக மனிதனுக்கு வந்த நைட்ரஜன் மறுபடி மண்ணுக்கே போக வேண்டும், உரத்துக்கு வழியில்லாத ஏழை நாட்டில் அதைக் கடலுக்கு அனுப்புவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதற்காகவே 1934-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

அவர் போட்ட விதை அந்தத் துறையில் முளைத்தது. வி.சுப்பிரமணியன், எஸ்.சி.பிள்ளை இருவரும் கழிவுநீரைத் தெளிய வைப்பதில் பாக்டீரியாவுக்கு மட்டுமல்ல, புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிரிகளுக்கும் பங்கு உண்டு என்று 1942-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்தச் சுப்பிரமணியன்தான் பின்னால் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநர் ஆனவர்.

ஆனால் ஒரு சிக்கல். காற்றடிக்க மின்சாரம் வேண்டும். கழிவு வந்து சேரப் பாதாளச் சாக்கடை வேண்டும். சாக்கடை ஓட வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வேண்டும். 1930களில் நம் சின்ன ஊர்களில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் எடுப்புக் கக்கூஸ். தினம் காலையில் ஆள் வந்து மலத்தை அள்ளிக்கொண்டு போவார். ஊருக்கு வெளியே எங்காவது கொட்டுவார். ஈ, நாற்றம், காலரா.

இந்தச் சின்ன ஊர்களுக்காக அதே கழகத்தில் இருந்த சி.என்.ஆச்சார்யா 1939-ல் ஒரு வழி சொன்னார். அதுதான் மாமனார் சொன்ன பெங்களூர் முறை. மருத்துவக் கல்லூரிப் பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஊர் எல்லையிலிருந்து 800 மீட்டராவது தள்ளி நீள நீளமாகக் குழி வெட்ட வேண்டும். ஆழம் 90 செ.மீ. அகலம் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர். அடியில் 15 செ.மீ. ஊர்க்குப்பை, அதன்மேல் 5 செ.மீ. மலம், மறுபடி குப்பை, மறுபடி மலம். தரைமட்டத்துக்கு மேல் 30 செ.மீ. வரை இப்படி அடுக்கு அடுக்காக. கடைசி அடுக்கு எப்போதும் குப்பைதான், 25 செ.மீ. கனத்துக்கு. அதன்மேல் வெட்டிய மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும்.

ஒரு வாரத்தில் உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டும். இரண்டு மூன்று வாரம் அந்தச் சூடு நிற்கும். நோய்க்கிருமி, புழு முட்டை எல்லாம் செத்துப்போகும். நாலு முதல் ஆறு மாதத்தில் திறந்து பார்த்தால் நாற்றமில்லாத கறுப்பு எரு. வயலுக்குப் போடலாம், நகராட்சிக்கு வருமானமும் உண்டு.

இதற்குக் கொஞ்சம் முன்னால் இந்தோரில் ஆல்பர்ட் ஹோவர்ட் ஒரு கம்போஸ்ட் முறையைக் கொண்டுவந்திருந்தார். அதில் குவியலை அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். பெங்களூர் முறையில் புரட்டல் கிடையாது. மூடினால் மூடியதுதான், எருவாகும் வரை யாரும் தொட வேண்டாம். ஆள் குறைவு, செலவு குறைவு. சின்ன ஊர்களுக்கென்றே அளந்து தைத்த சட்டை. சுதந்திரத்துக்குப் பிறகும் பல காலம் நகராட்சிகளுக்கு இதைத்தான் சிபாரிசு செய்தார்கள்.

படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு கேள்வி உறுத்த ஆரம்பித்தது. குழிக்குள் போன பிறகு யாரும் தொட வேண்டாம், சரி. குழி வரைக்கும்?

என் பாட்டி வீட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. கொல்லைக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. அந்தச் சந்து அதற்காக மட்டுமே இருந்தது. ஓர் அம்மாள் தகரத்தோடும் வாளியோடும் வருவார். பாட்டி தூரத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவாள். பண்டிகை நாளில் மிச்சத்தைச் சந்துப்பக்கம் வைப்பாள். நாங்கள் அவரை ஒரு சொல்லால்தான் கூப்பிட்டோம். அதை இங்கே எழுத விரும்பவில்லை, உங்களில் பலருக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. இப்போது அம்மாவிடம் போனில் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஆச்சார்யாவின் திட்டம் சரிதான். அடுக்குக் கணக்கு, சூட்டுக் கணக்கு எல்லாம் இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் வீட்டிலிருந்து குழி வரைக்குமான அந்த 800 மீட்டருக்கு மேலான தூரம் யார் தலையில் போனது என்பது பரீட்சைக் கேள்வியில் இல்லை. அந்தத் தலைகள் எப்போதும் கிடைக்கும் என்பதை எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சாதி அதைப் பார்த்துக்கொண்டது.

இதற்கு மிகப் பெரிய சாட்சி பெங்களூரிலிருந்து 100 கிலோமீட்டரில் இருக்கும் கோலார் தங்கவயல். கேஜிஎஃப் நம்மவர்களின் ஊர். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகச் சுரங்க வேலைக்குப் போனவர்கள் உண்டாக்கிய ஊர். சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902-லேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர் தெருவிளக்குக்கு முன்பே! பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுக்கும் தொழில்நுட்பம் இருந்தது. ஆனால் தொழிலாளர் லைன் வீடுகளில் எடுப்புக் கக்கூஸ்தான், அதுவும் 1980களைத் தாண்டி. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை என்ற சாக்கு அங்கே செல்லாது. இரண்டும் இருந்தன. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கர்நாடகத்தில் தலையில் மலம் சுமப்பதை ஒழிக்க 1970களின் தொடக்கத்திலேயே அமைச்சர் பி.பசவலிங்கப்பா உத்தரவு போட்டார். தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர் அவர். உத்தரவு ஊர் ஊராகப் போய்ச் சேர நாளாயிற்று. கேஜிஎஃபில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் 1966-ல் பிறந்த பெஜவாடா வில்சன் என்ற இளைஞர் 1980களில் தன் ஊரில் இதை எதிர்த்து மனுப் போட ஆரம்பித்தார். பிறகு அது 'சஃபாயி கர்மசாரி ஆந்தோலன்' என்று நாடு தழுவிய இயக்கமாயிற்று. 1993-ல் தடைச் சட்டம் வந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013-ல் இன்னும் கடுமையான சட்டம். 2016-ல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது. அதற்குள் கேஜிஎஃப் சுரங்கமே மூடிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

எடுப்புக் கக்கூஸ் போய் செப்டிக் டேங்க் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். உண்மையில் வாளி பெரிதாகி மண்ணுக்குள் போயிற்று. தினம் எடுத்ததைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிறோம். அப்படி இறங்கும்போது வாளி செய்யாததை டேங்க் செய்கிறது, ஆளைக் கொல்கிறது. உள்ளே தேங்கியிருக்கும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. அதிகமாக இருந்தால் முதலில் நாற்றம் தெரியாமல் மூக்கை மரக்கச் செய்யும், பிறகு சில மூச்சிலேயே ஆள் விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். செய்தியில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான். அதே கேஜிஎஃபில் 2011-ல் மலக்குழியில் இறங்கிய மூன்று பேர் இறந்தார்கள். இப்படி இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. தொகையை உயர்த்த வேண்டிய அளவுக்கு மரணம் தொடர்ந்தது என்றும் அதைப் படிக்கலாம்.

சரி, இனி கொஞ்சம் நல்ல செய்தி. மறுபடி பெங்களூர்ப் பக்கமே.

ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் தேவனஹள்ளி பெயரைப் பார்த்திருப்பீர்கள். திப்பு சுல்தான் பிறந்த ஊர். சுமார் 30,000 பேர். பக்கத்தில் 2008-ல் சர்வதேச விமான நிலையம் வந்தது, ஆனால் ஊருக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு குழி அல்லது செப்டிக் டேங்க். நிரம்பினால் உறிஞ்சும் லாரி வரும். பெங்களூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஹனி சக்கர்', தேன் உறிஞ்சி! அந்தத் தேனை எங்கே கொட்டுவது? ஏரியில், ஓடையில். அல்லது விவசாயியிடம். பெங்களூரைச் சுற்றியுள்ள வாழை, தென்னைத் தோப்புக்காரர்கள் லாரியைக் கூப்பிட்டுக் குழியில் கொட்டிக்கொண்டார்கள். உரத்தின் அருமை விவசாயிக்குத் தெரிந்திருக்கிறது, ஃபௌலர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பச்சையாகப் போட்டால் கொக்கிப்புழுவும் நாக்குப்பூச்சியும் கூடவே வரும்.

2015-ல் அந்த ஊரில் மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வந்தது. ஒரு முழு ஊருக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் நிலையம் இதுதான் என்கிறார்கள். வடிவமைத்தது பெங்களூரில் இருக்கும் சி.டி.டி. சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. லாரி வந்து மேட்டில் கொட்டுகிறது. முதலில் சல்லடை, பிறகு சாண எரிவாயுக் கலம் மாதிரி மூடிய தொட்டி. அங்கிருந்து கசடு மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்படுகைக்குப் போகிறது. தண்ணீர் கீழே வடிகிறது, கசடு வெயிலில் காய்கிறது. வடிந்த தண்ணீர் காற்றில்லாத் தொட்டியைத் தாண்டி, ஜல்லிப் படுகையில் நட்ட செடிகளின் வேர் வழியாகப் போய்த் தெளிந்து, தோட்டத்துக்கு ஆகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடுவதால் மோட்டார் அதிகம் தேவையில்லை.

காய்ந்த கசடை என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஊர்க்குப்பையோடு கலந்து கம்போஸ்ட் ஆக்கி விவசாயிக்குத் தருகிறார்கள். குப்பையும் மலமும், சூடும் காலமும். ஆச்சார்யாவின் அதே சரக்கு! முக்கால் நூற்றாண்டு கழித்து, முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரத்தில். வித்தியாசம் ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து நிலையம் வரைக்குமான தூரத்தைத் தலைக்குப் பதில் லாரியும் குழாயும் கடக்கின்றன.

தமிழ்நாடும் சும்மா இல்லை. செப்டிக் டேங்க் கசடுக்கென்று 2014-ல் விதிமுறை வந்தது. 2017-ல் மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் நிலையம் ஓட ஆரம்பித்தது. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் வேலை நடந்தது. எல்லாம் சின்ன ஊர்கள். பாதாளச் சாக்கடைக்காகக் காத்திருந்தால் இன்னும் இரண்டு தலைமுறை ஆகும் என்று புரிந்துகொண்ட ஊர்கள்.

கிராமத்துக்கு அந்த லாரியும் வேண்டாம். இரட்டைக் குழிக் கழிப்பறை போதும். ஒரு குழி நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததுக்கு மாற்ற வேண்டும். ஒரு வருஷம், இன்னும் நல்லதென்றால் இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் உள்ளே காபித்தூள் மாதிரி எருதான் இருக்கும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளி கிராமத்தில் அப்படி ஒரு குழிக்குள் தானே இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். படம் பிடிக்கத்தான் செய்தார் என்று சிலர் கிண்டல் செய்தார்கள். இருக்கட்டும். அவர் பெயரைப் பார்த்துவிட்டு, பாட்டி வீட்டுச் சந்தை நினைத்துக்கொண்டு, எனக்குக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு சுயநலக் காரணமும் உண்டு. நம்மில் பலர் இங்கே சம்பாதித்து ஊரில் வீடு கட்டுகிறோம். வாட்ஸப்பில் கிரானைட் தரையைத் தேர்ந்தெடுக்கிறோம். செப்டிக் டேங்க் பற்றி மேஸ்திரி ஒரே வரி சொல்வார், "சார், பெருசா போட்டிருக்கேன், அடியில பூசல, இருபது வருஷத்துக்கு நிரம்பாது." நாமும் சந்தோஷமாகத் தலையாட்டுவோம். அடி பூசாத டேங்க் என்றால் மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். இருபது வருஷம் எடுக்கவில்லை என்றால் கசடு இறுகிக் கல்லாகும். லாரிக் குழாய் இழுக்காது. அப்போது மண்வெட்டியோடு ஓர் ஆள் இறங்க வேண்டியிருக்கும். அந்த ஆள் யாராக இருப்பார் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே கேளுங்கள். அடியும் பக்கமும் பூசியாயிற்றா? லாரிக் குழாய் வந்து சேரும் இடத்தில், எளிதாகத் திறக்கும் மூடி இருக்கிறதா? இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை உறிஞ்சச் சொல்லி அப்பாவிடமோ தம்பியிடமோ சொல்லியாயிற்றா? அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் பேரூராட்சியில் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் கருங்குழியில் வந்தது நம் ஊருக்கும் வரும்.

மாமனார் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் இங்கே லாரி வந்தது. இரண்டு பேர். ஒருவர் டிரைவர், இன்னொருவர் அவர் மகன். குழாயை விட்டார்கள், இருபது நிமிஷத்தில் முடித்தார்கள், நாங்கள் கொடுத்த காபியைக் குடித்தார்கள், பில் கொடுத்தார்கள். லாரியின் பக்கவாட்டில் அவர்கள் குடும்பப் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரைப் போட்டிருக்கான் பாருங்க மாப்ளே" என்றார்.